தலைகீழ் மயில்களும் உன் கடைசி வரியும்

என் மகா அக்காவுக்கு,

உன் பேர் வந்திருக்கிறது, அக்கா.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இந்த ஒரு வரிதான் நின்றது. இந்த வியாழக்கிழமை, யூனிட்டுக்கு டீ வந்த நேரத்தில், கட்டிங் டேபிள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உன் பேர் வந்தது. உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அதற்கப்புறம் ரெண்டு அமாவாசையும் போய்விட்டது. வாசலில் கிடந்த உன் செருப்பை அம்மா எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு நீ வந்து நிற்கிறாய்.

எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை. நீ இருந்தால் "பயந்தாங்கொள்ளி" என்று தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பாய். நீ இருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்?

இந்தக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் நம் களஞ்சியத்தில், எல்லாரும் பேசிக்கொள்கிற பக்கத்தில்தான் போடப் போகிறேன். அதனால் ஜாஸ்மின் அக்கா படிப்பாள். 'கத்திரி' வைத்திருக்கிற மற்ற யூனிட்டுக்காரர்களும் படிப்பார்கள். விருந்தாள் வந்தாலே அடுப்படிக்குள் ஓடி ஒளிகிறவள் நான். முகம் தெரியாதவர்கள் படிக்க எழுதுவது இதுதான் முதல் தடவை. அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கத்திரி என்பது நீயும் ஜாஸ்மின் அக்காவும் சேர்ந்து எழுதிய புரோகிராம். ஒரு நைட்டிக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாம் வெட்ட வேண்டும். துணி வீணாகாமல் அவற்றை எப்படி அடுக்குவது என்று அது படம் போட்டுக் காட்டும். அந்தப் படத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, அடுக்கடுக்காக விரித்த துணிக்கு மேலே வைத்து வெட்டுவார்கள். ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற சின்ன யூனிட்டுகளுக்காக நீங்கள் எழுதியது. முதலில் வாங்கி வைத்தது அலமேலம்மா யூனிட். நான் அங்கேதான் தைக்கிறேன்.

நீ இங்கே நம் வீட்டில். ஜாஸ்மின் அக்கா வத்திராயிருப்பில், அவள் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில். ரெண்டு ஊரில் இருந்துகொண்டு ஒரே புரோகிராமை எழுதத்தான் அந்தக் களஞ்சிய மென்பொருளைப் பிடித்தீர்கள். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் அது பேரோடு வைத்துக்கொள்ளும். எதையும் தொலைக்காது. தப்பு கண்டுபிடித்தால் எழுதுகிற டிக்கெட், விளக்கம் எழுதுகிற பக்கம், பேசிக்கொள்கிற இடம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதோடு, அதில் சேர்ந்த ஒவ்வொருவர் மிஷினிலும் முழுசும் இருக்கும்.

ஜாஸ்மின் அக்கா கடையில் வைத்துத்தான் இதை எனக்குச் சொன்னாய். "ஜெராக்ஸ்னா ஒண்ணு ஒரிஜினல், மத்ததெல்லாம் நகல். இதுல நகலே கிடையாதுட்டி. உங்கிட்ட இருக்கிறதும் ஒரிஜினல்தான்."

ஜாஸ்மின் அக்கா தாளை அடுக்கிக்கொண்டே, "இதை எங்க அத்தா காதுல போட்டுராதடி. மனுசன் கடையை இழுத்துப் பூட்டிருவாரு" என்றாள்.

என்னை எதற்கு அதில் சேர்த்தாய் என்று அப்போது புரியவில்லை. ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன். வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றவள், அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை. எழுந்து வாசி என்று யாரும் சொல்லாத ஓர் இடம் எனக்குத் தையல் மிஷினுக்கு முன்னால்தான் கிடைத்தது. நீ திட்டவில்லை. கத்திரியில் என்னென்ன தப்பு இருக்கிறது என்று டிக்கெட் எழுதச் சொன்னாய். "வாயைத் தொறக்க வேண்டாம். தைக்கும்போது எது இடிக்குதோ அதை எழுது, போதும்."

அப்புறம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாம் டிக்கெட்டில்தான் நிறையப் பேசினோம், இல்லையா? "கழுத்து ரொம்ப இறங்குகிறது. குனிந்து கோலம் போட முடியாது" என்று எழுதினேன். அம்மாவை நிற்க வைத்து அளவெடுத்துப் பார்த்துவிட்டு, "மாற்றியாச்சு. இனிக் கோலம் போடலாம்" என்று பதில் போட்டு டிக்கெட்டை மூடினாய்.

இன்னொன்றும் எழுதினேன். "என் நீலச் சுடிதாரைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போகிறாய். உடனே சரிசெய்யவும்." அதற்கு நீ போட்ட பதில் அப்படியே இருக்கிறது. "சோதித்துப் பார்த்தேன். சுடிதார் எனக்குத்தான் நன்றாக இருக்கிறது. மூடப்பட்டது." அழியாத இடத்தில் போய் இதை எழுதுவார்களா என்று ஜாஸ்மின் அக்கா நம் ரெண்டு பேரையும் காய்ச்சி எடுத்தாள். அழியாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கடைசி டிக்கெட்டுக்கு வருகிறேன். ரெண்டு இடது கை.

சாதாரணத் துணியை, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் முகம் பார்க்க விரிப்பார்கள். ஒரு கையை வெட்டினால் அடுத்த அடுக்கில் அதற்கு ஜோடிக் கை தானாக வந்துவிடும். மயில் மாதிரி தலையும் காலும் உள்ள டிசைனுக்கு அது ஆகாது. அதை ஒன்வே துணி என்போம். எல்லா அடுக்கையும் ஒரே பக்கம் பார்த்து விரிக்க வேண்டும். அப்படியானால் இடது கையையும் வலது கையையும் படத்திலேயே தனித்தனியாகப் போட வேண்டும். கத்திரி ஒரே கையை ரெண்டு தடவை போட்டது.

நல்லவேளை, மாதிரிக்கு ஒன்று மட்டும் வெட்டித் தைத்தோம். கட்டிங் மாஸ்டர் செல்லையா அண்ணாச்சி அதைத் தூக்கிப் பிடித்து யூனிட் முழுக்கக் காட்டினார். "பாருங்கம்மா, ரெண்டும் இடது கை! இதை மாட்டிக்கிட்டு எந்தக் கையால சோறு பிசையிறது?" எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் எழுதினேன்.

மறுநாள் உன் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு, ஜாஸ்மின் அக்கா கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்று பஸ் ஏறினாய். சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்து போன் பண்ணினாய்.

"மாரி, கை ரெண்டும் சரியாயிருச்சுட்டி. செல்லையா அண்ணாச்சிகிட்ட சொல்லு, இனிமே வலது கையாலயே பிசையலாம்னு. வாரேன், வந்து காட்டுதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தாய். லாரி. அவ்வளவுதான் எனக்கு எழுத வருகிறது. நீ என் நீலச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாய்.

அக்கா, நீ போன பிறகு எல்லாரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அலமேலம்மா ஒரு வாரம் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டார். அப்பா உன் லேப்டாப்பைச் சரிபண்ணி வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் திறந்து, நீ முடித்ததாகச் சொன்ன வேலையைத் தேடினேன். அதில் இல்லை. யூனிட் கம்ப்யூட்டரில் தேடினேன். நெட்டில் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிற இடத்தில் தேடினேன். எங்கேயும் இல்லை. களஞ்சியத்தில் மேலே இருந்த கடைசி வரி நான் எழுதிய டிக்கெட்தான். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

நீ முடித்துவிட்டாய் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அதிகம் பேசாதவள் சொன்ன ஒரே செய்தி அது.

மாஸ்டர் ஒருநாள் கேட்டே விட்டார். "முடிஞ்சுருச்சுன்னு போன்ல சொல்லுச்சுன்னியே, எங்கட்டி? போன புள்ளையை ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா முடிக்காததை முடிச்சேன்னுல்ல சொல்லியிருக்கு."

"செல்லையா, போதும்" என்றார் அலமேலம்மா. ஆனால் அவரும் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தாம்மா மாரி, மயில் துணி வந்து இறங்கிருச்சு. திங்கக்கிழமை வெட்டணும். மகா செஞ்சது கெடைச்சா அதுல வெட்டுவோம். இல்லைன்னா பழையபடி அட்டையை வச்சு வரைஞ்சு வெட்டிருவோம். ரெண்டு விதமா வேலை பார்த்துக்கிட்டு இருக்க முடியாதும்மா. கம்ப்யூட்டரை ஒரு மூலையில வச்சுரலாம். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முதல் யூனிட்டே நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். நம் வீட்டில் உன் தட்டைக் கவிழ்த்து வைத்தாயிற்று. உன் கட்டிலில் துணி மடித்து வைக்கிறோம். நீ இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிற இடம் அந்த டேபிள் ஒன்றுதான். அதையும் மூலையில் வைத்துவிட்டால் நீ எங்கே இருப்பாய்?

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

தினமும் டீ நேரத்தில் களஞ்சியத்தை ஒருதரம் சிங்க் பண்ணுவேன். பண்ணினால், வேறு மிஷினில் யாராவது எழுதியது இருந்தால் இங்கே வந்து சேரும். வர ஒன்றும் இருக்காது என்று தெரியும். கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது மாதிரி ஒரு பழக்கம். அன்றைக்குப் புதுசாக வந்திருக்கிறது என்று காட்டியது. என் டிக்கெட்டுக்கு மேலே ஒரு வரி. பேர், மகா. தேதி, நீ போன தேதி. நேரம், அன்றைக்குச் சாயங்காலம். முந்தின நாள் வரைக்கும் அந்த வரி அங்கே இல்லை.

டீ கிளாஸ் எப்போது கையில் இருந்து விழுந்தது என்று தெரியாது.

"ஏட்டி! துணி! துணி!" என்று மாஸ்டர் ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "என்னட்டி, பேயறைஞ்சவ கணக்கா நிக்க?"

திரையில் அந்த வரியை விரலால் காட்டினேன். அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ம... கா." நிமிர்ந்தார். "இது எப்ப எழுதினது?"

"இப்பத்தான் வந்துச்சு, அண்ணாச்சி."

அவர் டேபிளை விட்டு ரெண்டடி தள்ளிப் போனார். தையலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அலமேலம்மா வந்து பார்த்துவிட்டு, "யாராவது அந்தப் புள்ள பேர்ல விளையாடுறாங்களா? அப்படி இருந்தா நான் சும்மா விட மாட்டேன்" என்றார்.

அந்த வரிக்குள் என்ன இருந்தது தெரியுமா? நீ எழுதியதுதான். உனக்குத் தெரியாமலா? இருந்தாலும் எழுதுகிறேன். "ஒன்வே துணிக்கு இடது கை, வலது கை தனித்தனி. மாரியின் டிக்கெட்டுக்காக. மாரி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மூட வேண்டும்."

இதை வேறு யாரும் எழுத முடியாது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் எப்படி?

நீ போன பிறகு நான் ஜாஸ்மின் அக்காவுக்குப் போன் பண்ணியதே இல்லை. அவளும் பண்ணவில்லை. ஒருத்தி குரலை ஒருத்தி கேட்டால் அழுதுவிடுவோம் என்று ரெண்டு பேருக்கும் பயம். அன்றைக்கு அத்தனை பேர் பார்க்க, யூனிட் நடுவில் நின்று போன் பண்ணினேன்.

"ஜாஸ்மின் அக்கா, மகா அக்கா பேர்ல ஒண்ணு வந்திருக்கு."

"இப்பத்தான் வந்துச்சா? அப்போ அன்னைக்குப் போகவே இல்லையா?" என்றாள். "அல்லாவே, நான் போயிருக்கும்னுல்ல நெனச்சேன்."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கு வத்திராயிருப்பில் பெரிய காற்று. கேபிள் அறுந்து கடையில் நெட் இல்லை. நீ வேலையை முடித்து, களஞ்சியத்தில் பதிந்திருக்கிறாய். நெட் இல்லாவிட்டாலும் அந்த மிஷினுக்குள் அது பதிந்துவிடும். அடுத்த தடவை யாராவது சிங்க் பண்ணும்போது வெளியே போகும். "போனா போகுது, உள்ள இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாய். ஜாஸ்மின் அக்கா வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டு பாதிதான் காதில் வாங்கினாள், எப்படியும் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் களஞ்சியத்தைத் திறக்க அவளுக்கு மனசே வரவில்லை.

"இன்னைக்குத்தான் தொறந்தேன்" என்றாள். "உங்க சுடிதார் டிக்கெட்டைப் படிக்கணும்போல இருந்துச்சு. தொறந்த கையோட சிங்க் கொடுத்தேன். அத்தா இத்தனை நாளும் அதே மிஷின்லதான்டி எல்லாருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தாரு. அவ அதுக்குள்ளயே இருந்திருக்கா."

போனை வைத்துவிட்டு, அவள் சொன்னதை அலமேலம்மாவிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். "அவ போட்டோ தெரியுமா அதுல?" என்று கேட்டாள். பேர் மட்டும்தான் என்றேன். அம்மா வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்துக்கும் மேல இருக்கிறது இவதானே?"

"ஆமாம்மா. கடைசியா எழுதினது அக்காதான்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். இவளுக்கு மேல யாரும் ஒண்ணும் எழுதிராதீங்க."

சரி என்று தலையாட்டினேன். அப்போது எனக்கும் அதுதான் ஆசை.

வெள்ளிக்கிழமை உன் வேலையைச் சோதித்தேன். நீ சொன்னபடி, மாரி பார்த்தால்தானே மூட முடியும்? மிச்சம் கிடந்த மயில் துணியில் ரெண்டு கையை மட்டும் வெட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று இடது, ஒன்று வலது. அழகாக ஜோடி சேர்ந்தது. நீ பொய் சொல்லவில்லை என்று சத்தம் போட்டுச் சொல்லத் தோன்றியது. கையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

இடது கையில் மயில்கள் நின்றன. வலது கையில் தலைகீழாகத் தொங்கின.

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. நீ பக்கத்தில் இருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்போம். அப்புறம்தான் எங்கே தப்பு என்று பார்த்தேன். ஜோடிக் கை வர, படத்தை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். நீ மேல் கீழாகத் திருப்பியிருக்கிறாய். ப்ளைன் துணி என்றால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. வத்திராயிருப்பில் நீ வெள்ளைத் தாளில் எடுத்துப் பார்த்திருப்பாய். வெள்ளைத் தாளில் மயில் ஏது?

ஜாஸ்மின் அக்காவிடம் சொன்னேன். "ஒரே ஒரு வரிதான்டி. எந்த வரின்னு சொல்லுதேன், நீ மாத்திப் போடு" என்றாள்.

"நீயே போட்டுரேன்."

"டிக்கெட் யாருது? பார்க்க வேண்டியது யாருன்னு எழுதியிருக்கா?"

"நான் போட்டா அக்கா பேர் கீழ போயிருமே."

ஜாஸ்மின் அக்கா மெதுவாகச் சொன்னாள். "தனிக் கிளையாப் போடலாம். அப்பப் பெரிய வழியில அவளோடதுதான் கடைசியா நிக்கும். உன்னோடது பக்கத்துல தனியா இருக்கும். ஆனா எல்லா யூனிட்டும் பெரிய வழியிலருந்துதான் எடுக்கும். எல்லார் வீட்டு மயிலும் தொங்கும். என்ன செய்யணும்னு நீயே பாரு, மாரி. நான் சொல்ல மாட்டேன்."

என்னை ஏன் அக்கா இதில் மாட்டிவிட்டாய்? நீ சொன்ன கடைசி வார்த்தை கை ரெண்டும் சரியாயிருச்சு என்பது. அது முழுசும் சரியில்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டியவள் நானா? அம்மாவிடம் தலையாட்டியவளும் நான்தான். சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை மாஸ்டர் கத்தியை ஓட்டுவார். அடுக்கு அடுக்காக வலது கை மயில் எல்லாம் கவிழும். அப்போது உன் பேரைச் சொல்லித்தான் பேசுவார்கள்.

சனிக்கிழமை காலையில் ரெண்டு கையையும் எடுத்துக்கொண்டு செல்லையா அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். அவரிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். சட்டைக் கைக்கு மேலேயே ரெண்டையும் இழுத்து மாட்டிக்கொண்டார். அவர் கைக்கு அது பாதிதான் ஏறியது. ரெண்டு கையையும் நீட்டி முன்னும் பின்னும் திருப்பினார். பின்னால் யாரோ, "மாஸ்டருக்கு எந்த சைஸ்?" என்று கேட்க, தையல் பக்கமெல்லாம் ஒரே சிரிப்பு.

"சும்மா கெடங்க" என்று அதட்டினார். "இடது, வலது, ரெண்டும் சரியாத்தான் இருக்கு. மயிலுதான் இந்தக் கையில வௌவா கணக்கா தொங்குது." தலையை ஆட்டினார். "நானும் கத்தி பிடிச்ச புதுசுல பூவைக் கவுத்து வெட்டிருக்கேன். எங்க மாஸ்டர் அதைத் தச்சு அவிய பொண்டாட்டிக்கே குடுத்துட்டாரு. ஒரு தீவாளி பூரா அந்தம்மா என்னைப் பாக்கும்போதெல்லாம் மொறைக்கும்."

அப்புறம் துணிக் கைகளைக் கழற்றி மடித்து என்னிடமே கொடுத்தார். "அந்தப் புள்ள சொன்னதைச் செஞ்சுட்டுத்தான் போயிருக்கு. நாந்தான் வாயை விட்டுட்டேன். ஏட்டி, அதுல எழுதுனா அழியாதுல்ல?"

"அழியாது, அண்ணாச்சி."

"அப்ப எழுதிரு. செல்லையா சொன்னது தப்புன்னு எழுதிரு."

எழுதிவிட்டேன், அக்கா. டிக்கெட்டில் அவர் சொன்ன மாதிரியே, அவர் பேரைப் போட்டு. டிக்கெட்டுக்குள் எழுதுகிற பதில் மேல் வரிசைக்கு வராது, அது வேறு. புரோகிராமில் கை வைப்பது வேறு. அதைத்தான் இன்று மத்தியானம் வரை தள்ளிப்போட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா உளுந்து ஊறப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறைக்க முடியவில்லை. மயில் கதையைச் சொன்னேன். நாளைக்கு வெட்டுவதற்குள் மாற்ற வேண்டும், மாற்றினால் என் பேர் மேலே வரும், அக்கா கீழே போவாள் என்று சொன்னேன். அம்மா முகம் சுருங்கியது.

"அழிஞ்சிருமா?"

"அழியாதும்மா. எல்லாம் அப்படியே இருக்கும். எழுதுற ஒவ்வொண்ணும் எதுக்கு அடுத்ததுன்னு அதுல காட்டும். என்னோடதைத் தொறந்தா, இதுக்கு முந்தினது மகான்னு இருக்கும்."

அம்மா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப உன் பேரைத் தொட்டா அவகிட்டப் போகுமா?"

"போகும்மா."

"யாரு தொட்டாலும்?"

"யாரு தொட்டாலும்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

அந்த ஒரு வரியை மாற்றிவிட்டேன். மயில் எல்லாம் நிற்கிறது. தனிக் கிளை இல்லை, பெரிய வழியில்தான் போடுகிறேன். எதற்காக மாற்றினேன் என்று எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மகா போட்ட ஜோடிக் கை சரி. மயில் மட்டும் நிமிர்த்தப்பட்டது. மாரி பார்த்தாள்." இந்தக் கடிதத்தைப் போட்டதும் அதையும் அனுப்புவேன். வத்திராயிருப்புக் கடைக்குப் போகும். யூனிட்டுக்குப் போகும். எல்லாரிடமும் நீ முழுசாக இருப்பாய்.

உன் கடைசி டிக்கெட்டை நாளைக்கு முதல் நைட்டி தைத்து முடித்த பிறகு மூடுவேன். சுடிதார் டிக்கெட்டை மட்டும் மறுபடி திறந்துவிட்டேன். அதை மூடவே மாட்டேன், நீ எத்தனை தடவை கேட்டாலும். இனி என் பேருக்கு மேலே யார் பேர் வந்தாலும், பின்னாலேயே நடந்து வந்தால் உன்னிடம் வந்து சேருகிற மாதிரி வழியை வைத்திருப்பேன். இது சத்தியம், அக்கா.

உனக்கு அடுத்துப் பிறந்த,
உன் தங்கச்சி மாரி